நாற்பத்தொன்றாம் பெட்டி

வாசலில் நின்ற காவலாள் பையைத் திறக்கச் சொன்னார். அவள் திறந்தாள். தண்ணீர் பாட்டில், அம்மாவின் மாத்திரை டப்பா, இரண்டு பாஸ்போர்ட், மூலை மழுங்கிய ஒரு பாக்கெட் நோட்டு, விரல் நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்தக் கடைசிப் பொருளை மட்டும் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினார். இது உள்ளே போகக்கூடாது என்றார்.

வேலைக்கு வேண்டும் என்றாள் அவள்.

என்ன வேலை என்று கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு காவலாளிடம் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது.

“என்னடி சொல்றாரு?” என்றாள் அம்மா.

“ஸ்க்ரூ டிரைவரை இங்கயே வெச்சிட்டுப் போகணுமாம்.”

“ஏன், அதால ராஜாவைக் குத்திடுவோம்னு பயமா? அவருதான் ஏற்கெனவே செத்துப்போயிட்டாரே.”

அம்மா இதைக் காவலாளின் முகத்தைப் பார்த்தே, தமிழிலேயே சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டி, 112 என்று எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார். வெளியே போகும்போது இதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். அம்மாவும் பதிலுக்குத் தலையாட்டினாள். அவர்கள் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. அவளுக்குத்தான் எரிச்சலாக வந்தது.

அதற்குள்ளேயே ஒன்றே கால் மணி நேரம் போயிருந்தது. டிக்கெட்டுக்கு ஒரு வரிசை. அந்த வரிசையின் முனைக்குப் போய்ச் சேர்ந்ததும், கைப்பேசியில் நேரம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் இது என்றார்கள். பதிவு செய்யப் பார்த்தால் மூன்று மணிக்குத்தான் இடம் இருந்தது. ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். இடையில் இருப்பது இரண்டு மணி நேரம். நாளை விடிந்தால் விமானம்.

அவள் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். ஆறு நாள் பயிற்சிக்கு நிறுவனம் இந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தது. அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பயிற்சி நேற்றோடு முடிந்தது. கையில் இருந்தது இந்த ஒரு மதியம்தான். இந்த மதியத்தில் அவள் பார்க்கவேண்டியது ஒரே ஒரு பொருள். ராஜா, ராணி, கிரீடம் எதுவும் அல்ல. ஒரு கண்ணாடிப் பெட்டி. அதிலும் அதன் கீழ் வலது மூலை.

அப்பா ஃபிட்டராக இருந்தார். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் சேர்த்து ஷோகேஸ் பொருத்துவது அவர் வேலை. மருந்துக்கடை, நகைக்கடை, சட்டைத்துணிக் கடை என்று ஊரில் பாதிக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டர் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வெளிநாடு போனார். அந்த எட்டில் அப்பா ஒருவர். புதிதாகக் கட்டும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகள் பொருத்தும் வேலை. இருபத்திரண்டு மாதம். நாற்பத்தொரு பெட்டி. இதே கட்டடம்.

பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். திறப்புவிழாவுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். சின்ன வயசில் அவள் கேட்பாள்:

“மியூசியத்துல என்னப்பா இருந்துச்சு?”

“கண்ணாடி.”

“கண்ணாடிக்குள்ள?”

“காத்து.”

இவ்வளவுதான் பயணக்கதை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

முதல் கூடத்தில் மண்பானைகள் இருந்தன. ஜனங்கள் பானைகளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து பெட்டியின் அடிச்சட்டத்தைப் பார்த்தாள். ஸ்க்ரூ இல்லை. சட்டமும் கண்ணாடியும் ஒட்டவைத்ததுபோல வழவழவென்று சேர்ந்திருந்தன. அடுத்த பெட்டிக்குப் போனாள். அதிலும் இல்லை. இரண்டாம் கூடத்தில் வாள்கள். அங்கேயும் அப்படித்தான். மூன்றாம் கூடத்தில் ஒரு ராஜாவின் செருப்பு.

“இதென்ன, நம்ம வீட்டு பாத்ரூம் செருப்பு மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. “இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?”

“நீ செருப்பைப் பாரும்மா. நான் பெட்டியைப் பாக்குறேன்.”

“உங்கப்பனும் இப்படித்தான். கடைக்குக் கூட்டிட்டுப் போனா புடவையைப் பாக்கமாட்டாரு, புடவை வெச்சிருக்கிற அலமாரியைப் பாப்பாரு.”

உண்மைதான். அந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்று சொல்வதைவிடச் சட்டம் என்று சொல்லலாம். ஸ்க்ரூவின் தலையில் ஒரு வெட்டு இருக்கும் அல்லவா, அந்த வெட்டு நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும். எல்லா ஸ்க்ரூவும். ஒரு பெட்டிக்கு அறுபது ஸ்க்ரூ என்றால் அறுபதும் விறைப்பாக ஒரே திசையில் நிற்கவேண்டும். அப்படி நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஏதாவது வேலை மீதி இருந்தால், அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் வேண்டுமென்றே சாய்த்து விட்டுவைப்பார். போகிறபோதும் வருகிறபோதும் அது கண்ணை உறுத்தும். மறக்க முடியாது. வேலையை முடித்த பிறகுதான் அதை நிமிர்த்துவார்.

கூட வேலை செய்தவர்கள் அவருக்கு, கோணல் பார்க்கும் கருவியின் பெயரான ‘ரசமட்டம்’ என்பதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். “ரசமட்டம் வந்தாச்சு, கோணலா நிக்காதீங்கடா” என்பார்கள். வீட்டில் குளியலறை சுவிட்ச் போர்டில் ஒரு ஸ்க்ரூ ஒன்பது வருஷம் சாய்ந்தே இருந்தது. உள்ளே எர்த் கம்பி மாற்றவேண்டியிருந்தது. மாற்ற நேரமில்லை. யாராவது விருந்தாளி அதை நிமிர்த்திவிட்டுப் போனால், அப்பா போய்த் திரும்பச் சாய்த்துவிட்டு வருவார். “வேலை முடியல. எப்படி நேரா நிக்கும்?” என்பார்.

பல் டாக்டரிடம் போனால் காத்திருக்கும் நேரத்தில் சட்டைப்பை நாணயத்தால் அங்கிருக்கும் ஸ்க்ரூக்களை நிமிர்த்துவார். ஒரு தடவை டாக்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, “எலக்ட்ரீஷியன் வந்தா வரிசையில வரவேணாம், நேரா உள்ள வாங்க” என்றார். அவளுக்கு அப்போது பதினைந்து வயசு. மானம் போனது.

அப்பா போன பிறகு அவருடைய டூல்பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அந்த பாக்கெட் நோட்டு கிடைத்தது. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்கள். முதல் நாற்பது எண்களுக்கும் எதிரே டிக். கடைசி எண்ணுக்கு எதிரே டிக் இல்லை. பென்சிலில் எழுதியிருந்தது: “41 – கீழ் வலது கீல். வாஷர் 1½. மீதி.”

அது ஏன் மீதி என்று அவளுக்குத் தெரியும். அவளால்தான்.

அப்போது அவளுக்கு ஆறு வயசு. மாடிப்படியில் உருண்டு தலையில் அடி. நான்கு நாள் கண்ணைத் திறக்கவில்லை. செய்தி போனதும் அப்பா போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவளோ படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு தையல். “தையல் கோணலா போட்டிருக்காங்க” என்றார். பிறகு வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் நின்றாராம். கான்ட்ராக்டர் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

ஆகவே அவள் வந்திருப்பது இதற்குத்தான். அந்த ஒரு ஸ்க்ரூ இன்னும் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க. சாய்ந்திருந்தால் முடித்துவைக்க. நாற்பத்தொன்றுக்கு எதிரே ஒரு டிக் போட.

மணி நான்கு. ஆறு கூடம் பார்த்தாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு ஸ்க்ரூ தட்டுப்படவில்லை. பெட்டி பெட்டியாகக் குனிந்து நிமிர்ந்ததில் ஒரு காவலாள் சந்தேகப்பட்டு, நான்காம் கூடத்திலிருந்து பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கிரீடத்துக்கு முன்னால் அவள் மண்டிபோட்டபோது தொண்டையைக் கனைத்தார்.

“அவருக்கு என்னவாம்?” என்றாள் அம்மா.

“திருடின்னு நெனைக்கிறாரு.”

“திருடறவ கிரீடத்தைப் பாப்பா. நீ தரையைப் பாக்குற. இதுகூடத் தெரியல, இவருக்கு ஒரு தொப்பி.” அம்மா காவலாளைப் பார்த்து உரக்க, “பொண்ணு இஞ்சினியருங்க. கெட்டவ இல்ல” என்றாள்.

ஏழாம் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கற்பலகை இருந்தது. இந்தக் கட்டடம் உருவாகக் காரணமானவர்கள். கட்டட வடிவமைப்பாளர் பெயர், கொடையாளிகள் பெயர், திறந்துவைத்தவர் பெயர். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்த கடைக்குக்கூட ஒரு வரி இருந்தது. கண்ணாடிப் பெட்டி என்ற சொல்லே எங்கும் இல்லை. நாற்பத்தொரு பெட்டியும் தானாக முளைத்தனவோ என்னவோ.

தகவல் மேசைக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி கணினியில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். நாற்பத்தொன்று என்றால் எந்தப் பொருள் என்றார். பொருள் இல்லை, பெட்டி என்றாள். பெட்டிக்குள் என்ன பொருள் என்றார். தெரியாது, பெட்டிதான் வேண்டும் என்றாள். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

பழைய பெட்டிகளை ஐந்து வருஷத்துக்கு முன்பே மாற்றிவிட்டார்களாம்.

“மாத்தி எங்க வெச்சிருக்காங்க?”

அது தன் பிரிவு இல்லை என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டாள். எழுதிக் கேட்டால் பதினைந்து வேலைநாளில் பதில் வரும் என்றார். நாளை காலையில் ஊருக்குப் போகிறேன் என்றாள். அப்படியானால் மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், பயணம் இனிமையாக அமையட்டும் என்றார். கடைசி வாக்கியத்தை நிஜமாகவே அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. சண்டை போடவும் ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

கூடம் கூடமாகத் தேடினாள். செருப்பிடம் இல்லை. பானையிடம் இல்லை. கழிப்பறையில் இல்லை. அம்மாவிடம் கைப்பேசி கிடையாது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அப்பா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தலைமாட்டில் சுவரில் ஆக்ஸிஜன் பலகை. அதில் நான்கு ஸ்க்ரூ. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டாவதை நிமித்திடும்மா.”

“சும்மா படுங்கப்பா. டாக்டர் வர்ற நேரம்.”

“ஒரு காசு இருந்தா போதும்.”

“அப்புறம் பண்ணலாம்ப்பா.”

அவள் அப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அந்தப் படுக்கை காலி. ஸ்க்ரூ சாய்ந்தபடியே இருந்தது. அதை இப்போது நினைக்க நேரமில்லை. மணி நாலரை.

அம்மா கிடைத்தது வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கடையில். போகிறவர்கள் கோப்பை, சாவிக்கொத்து, படம் போட்ட பை என்று வாங்கிப்போகும் கடை. முழுக் கட்டடத்திலும் அங்கேதான் உட்கார நாற்காலி இருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “சொல்லாம கொள்ளாம எங்கம்மா போன? நான் எங்கெல்லாம் தேடறது? நேரம் வேற இல்ல. இன்னும் மூணு கூடம் பாக்கல.”

“கத்தாத. இங்க வா.”

“ஒண்ணும் வாங்கவேணாம்மா.”

“வாங்கச் சொல்லல. குனிஞ்சு பாரு. உங்கப்பன் ஸ்க்ரூ.”

அவள் குனிந்தாள்.

கோப்பைகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. அலுமினியச் சட்டம் மங்கிப்போயிருந்தது. அடிச்சட்டத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஸ்க்ரூ. பன்னிரண்டும் நெட்டுக்குத்தாக.

“எல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது பாரு” என்றாள் அம்மா. “இந்த உலகத்துல இப்படி ஒரு கிறுக்கு வேற யாருக்கு இருக்கும்? இந்த நாற்காலியில உக்காந்து கால்மணி நேரமா எண்ணிட்டு இருக்கேன்.”

 அப்பாவின் பெட்டிகளைக் குப்பையில் போடவில்லை. கோப்பை விற்கக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கடையில் மொத்தம் நான்கு பழைய பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் சட்டத்திலும் ஒரு மூலையில் அப்பா எண் அடித்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு. முப்பது. பத்தொன்பது. நான்காவது பெட்டி சுவரோரம், சாவிக்கொத்துகள் தொங்கும் சுழல்தாங்கிக்குப் பின்னால் இருந்தது. தாங்கியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தொன்று.

கீழ் வலது கீலில் நான்கு ஸ்க்ரூ. மூன்று நேராக. ஒன்று மட்டும் கடிகாரத்தில் ஒன்றரை மணி காட்டும் சின்ன முள்போலச் சாய்ந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் அந்தப் பெட்டியிலிருந்த கோப்பை ஒன்றைக் கேட்டார். விற்பனைப் பெண் வந்தாள். கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முட்டியால் அடியில் ஒரு தூக்குத் தூக்கி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்தாள். கீல் கிறீச்சிட்டது. அந்தப் பெண் வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே, இது பொறந்ததுலேருந்தே இப்படித்தான், எவனோ பாதியில விட்டுட்டு ஓடியிருக்கான் என்றாள்.

“என்ன சொல்றா?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல. பெட்டி நல்லா இருக்குன்னு சொல்றா.”

“முட்டியால தூக்கித் தொறக்கிறா, பெட்டி நல்லா இருக்குன்னு சொல்றாளா? எனக்குக் கால்தான் போச்சு, கண்ணு போகல.”

அவள் எழுந்து விற்பனைப் பெண்ணிடம் போனாள். முடிந்த அளவு பொறுமையாகச் சொன்னாள். கதவு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கீழ்க் கீலுக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. நானே செய்கிறேன்.

விற்பனைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க மெயின்டனன்ஸா?”

“இல்ல.”

“அப்ப தொடக்கூடாது.” கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். பார்வையாளர் கருத்து அட்டை. எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றாள்.

அவள் வாசலுக்கு ஓடினாள். 112ஆம் வில்லையைக் காட்டினாள். அதை வாங்கினால் வெளியே போகவேண்டும், திரும்ப உள்ளே வர முடியாது என்றார் காவலாள். இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் என்றாள். அவர் மறுபடியும் அதே மரியாதையோடு தலையாட்டினார். வாசலைக் கைகாட்டினார். திரும்பி வந்தாள். வாஷரும் கையில் இல்லை. அது அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஆனாலும் ஒரு மனிதர் எழுதிவைத்த ஒரு வரிக்காக முப்பது வருஷம் கழித்து வந்தவளுக்கு, ஐந்து நிமிஷமும் ஒரு வட்டத் தகடும் கொடுக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

மணி நாலு ஐம்பது. விற்பனைப் பெண் கல்லாவில் திரும்பி நின்று எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நாற்பத்தொன்றுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பையில் இந்த நாட்டு நாணயம் ஒன்று இருந்தது. ஸ்க்ரூவின் வெட்டில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அது முரண்டு பண்ணாமல் திரும்பியது. வெட்டு நேராக வந்து நின்றது.

நான்கும் நேர். ஆக்ஸிஜன் பலகையில் செய்யாததை இங்கே செய்தாகிவிட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நொண்டிக்கொண்டு வந்தாள். எதுவும் சொல்லாமல் பெட்டிக் கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முட்டி கொடுத்துத் தூக்க அவளால் ஆகாது. இன்னொரு தடவை இழுத்தாள். கிறீச்.

“வேலை முடியலையேடி” என்றாள்.

அவள் நோட்டில் நாற்பத்தொன்று இருக்கும் பக்கத்தைப் புரட்டினாள்.

“நிமித்தி வெச்சிட்டியா?”

“ம்.”

“வேலை முடியாம நிமித்தினா உங்கப்பா என்ன பண்ணுவாரு?”

அம்மா அதை அதட்டலாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள். குளியலறை சுவிட்ச் போர்டு ஞாபகத்துக்கு வந்தது. அவர் ஒருநாளும் பொய்யாக ஒரு ஸ்க்ரூவை நிமிர்த்தியதில்லை. அவள்தான் அம்மாவிடம் பெட்டி நல்லா இருக்கு என்று சொன்னாள்.

“என்னாலதாம்மா இது நின்னுபோச்சு.”

“உன்னாலன்னு யாருடி சொன்னது?”

“நான் விழுந்ததாலதானே அவரு ஓடிவந்தாரு.”

“நீ விழறதுக்கு முந்தின மாசமே வந்துடறேன்னு போன்ல அழுதாரு. நான்தான் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்கன்னேன். ராத்திரி பகல் கண்ணாடியையே பாத்துட்டு இருக்கேன், என் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சுன்னாரு. நீ விழுந்த. அந்த மனுஷனுக்கு யாரும் கேள்வி கேக்காத சாக்கு கெடைச்சுது. அவ்ளோதான்.”

“இதை ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?”

“நீ கேக்கல.”

அம்மா பொய் சொன்னால் வேறு எங்கேயாவது பார்ப்பாள். இப்போது நேராகத்தான் பார்த்தாள். இருந்தும் அவளுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. திரும்பி வர அவ்வளவு ஆசைப்பட்டவர் எதற்காக அந்த நோட்டைச் சாகும்வரை டூல்பெட்டியில் வைத்திருந்தார்? கேட்கவேண்டிய ஆள் இல்லை. ஆறு வயசிலிருந்து சுமந்ததைக் கீழே வைக்கலாமா கூடாதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாணயத்தை மறுபடி வெட்டில் வைத்தாள். எட்டில் ஒரு பங்கு, எதிர்ப்பக்கம். ஒன்றரை மணி. ஸ்க்ரூ பழைய இடத்தில் போய்ச் சாய்ந்தது.

“ஏங்க!” என்றது கல்லாப் பக்கமிருந்து ஒரு குரல். விற்பனைப் பெண் வேகமாக வந்தாள். பின்னாலேயே, நான்காம் கூடத்திலிருந்து துரத்திய அதே காவலாள். அவள் நாணயத்தை உள்ளங்கையில் காட்டி எழுந்து நின்றாள். எதையும் எடுக்கவில்லை என்றாள். காவலாள் பெட்டியைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். எதுவும் குறையவில்லை. மூடும் நேரம் என்று மட்டும் சொன்னார்.

“போறோம் போறோம்” என்றாள் அம்மா தமிழில். “உங்க பெட்டியை நீங்களே வெச்சுக்கங்க. கதவை மட்டும் மெதுவா இழுக்கச் சொல்லுங்க அந்தப் பொண்ணை.”

போகிற போக்கில் அவள் கருத்து அட்டையில் எழுதினாள். ஒரு பொறியாளர் எழுதும் விதத்தில், சுருக்கமாக: கடையில் உள்ள பழைய பெட்டி எண் 41. கீழ் வலது கீல். வாஷர் ஒன்றரை மி.மீ. தேவை. பொருத்தும்வரை சாய்ந்திருக்கும் ஸ்க்ரூவை நிமிர்த்தவேண்டாம். அட்டையின் கடைசியில் ‘உங்கள் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘ஃபிட்டரின் மகள்’ என்று எழுதினாள்.

கருத்துப்பெட்டி வாய் வரை நிரம்பியிருந்தது. அட்டை பாதிதான் உள்ளே போனது. குத்திப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள். போகவில்லை. பின்னால் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

வாசலில் காவலாள் வில்லையை வாங்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். அவர்கள் படியில் இறங்கியதும் பின்னால் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இப்போது இருந்து என்ன பிரயோஜனம்.

அம்மா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

“அந்த வாஷர் நம்ம ஊருல கெடைக்குமா?”

“எந்தக் கடையிலயும் கெடைக்கும்மா. அது ஒரு பெரிய விஷயமே இல்ல.”

“அப்ப வாங்கி வெச்சிக்க. உன்னை ஆபீஸ்ல திரும்பியும் அனுப்பாமலா போயிடுவாங்க?”

“அதெல்லாம் சொல்ல முடியாதும்மா.”

“அவரும் அப்படித்தான் சொல்லிட்டு நோட்டை வெச்சிருந்தாரு” என்றாள் அம்மா.

அவள் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நாற்பத்தொன்றுக்கு எதிரே பேனாவை வைத்தாள். டிக் போடவில்லை. அப்பா எழுதிய வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் அவர் எழுதிய அதே சொல்லை எழுதினாள்: மீதி.

“எழுதிட்டியா?” என்றாள் அம்மா. “வண்டியைக் கூப்பிடு. முட்டி விட்டுப்போச்சு.”